மடிப்புக் கலையாத ஆண்கள்

சலவை ஆலையில் எல்லோரும் அவளை 'மடிப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகக் கூப்பிட்டாலும் அவள் கோபித்துக்கொள்வதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. விடுதி விரிப்புகளும் மருத்துவமனைப் போர்வைகளும் அலுவலகக்காரர்களின் சட்டைகளும் மூட்டை மூட்டையாக வந்து, வெளுத்து, உலர்ந்து வெளியே போகும் அந்தக் கூடத்தில் ஜன்னலோர இஸ்திரி மேசை அவளுடையது. முதலில் காலர், அப்புறம் தோள், அப்புறம் மணிக்கட்டுப் பட்டி, பிறகு கை, கடைசியில்தான் முதுகும் முன்பக்கமும். இந்த வரிசையை மாற்றி அவள் ஒரு சட்டையும் தேய்த்ததில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள்தான். ஆனால் அவள் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு போகும் அண்ணன், தான் வேலை பார்க்கும் பஸ் பணிமனையில் காலரைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவான். "எங்க வீட்டுல ஒரு கை இருக்கு" என்பான்.

ஆண்களையும் அவள் அந்த வரிசையில்தான் பார்த்தாள். முதலில் காலர்.

அப்படிப் பார்த்துப் பழகியவர்கள் மூன்று பேர். ஒருவர் காப்பீட்டு முகவர், ஒருவர் மருந்து விற்பவர், கடைசியாக வந்தவர் ஒரு விடுதியின் வரவேற்பு மேலாளர். மூவரையும் ஒரே அச்சில் வார்த்திருந்தார்கள் என்றே சொல்லலாம். நெட்டை, மெல்லிய குரல், கண்ணாடிபோல் பளபளக்கும் காலணி, மழையிலும் மடிப்புக் கலையாத சட்டை. மேலாளரோடு வெளியே போனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். அவள் பேசும்போது தலையைச் சாய்த்துக் கேட்பார். இரண்டு வருடம் தலையைச் சாய்த்துக் கேட்டவர், ஒருநாள் போனில் "நமக்குள்ள ஒத்துவராதுன்னு தோணுது" என்று ஒரு வரி அனுப்பினார். அடுத்த மாதம் அவருடைய நிச்சயதார்த்த உடை இதே ஆலைக்கு வெளுக்க வந்தது. அதை அவள்தான் தேய்த்தாள். ஒரு சுருக்கம் விடாமல் தேய்த்தாள்.

"நீ ஆளைப் பாக்குறியா, சட்டையைப் பாக்குறியாடி?" என்றாள் பேக்கிங் அக்கா. தேய்த்த துணிகளை உறையில் போட்டுக் கட்டுவது அவள் வேலை. இரண்டு மேசைகளுக்கும் நடுவில் கை நீட்டும் தூரம்தான். "மூணு தடவையும் ஒரே கடையில ஒரே சரக்கு வாங்கி, மூணு தடவையும் கிழிஞ்சு போச்சு. ரகத்தைக் கொஞ்சம் மாத்தித்தான் பாரேன்."

"எனக்குப் பிடிச்சது அதுதான் அக்கா."

"பிடிச்சது வேற, பழகிப்போனது வேற."

கூடத்தில் எல்லோரும் 'கரடி' என்று கூப்பிட்ட ஆள் வேலைக்குச் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். பின்கட்டில் இருந்த பாய்லரைப் பார்த்துக்கொள்ள வந்தவன். குட்டையான உருவம், பீப்பாய் மாதிரி உடம்பு, காதுவரை ஏறிய தாடி, இடது புருவத்தில் பாதி கருகிப்போய் இல்லை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாகத் தைத்த ஒரு கனத்த ஓவராலை மாட்டிக்கொண்டுதான் எப்போதும் திரிவான். அது என்ன நிறத்தில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த முதல் வாரமே ஆவிக் குழாயைச் சரிபார்க்கிறேன் என்று மேசைப் பக்கம் வந்து, தேய்த்து அடுக்கியிருந்த விடுதி விரிப்பின்மேல் கையை ஊன்றிக் குனிந்துவிட்டான்.

"யோவ்! கையா அது, கரித்துணியா?"

"கைதாம்மா. அஞ்சு விரல் இருக்கு, எண்ணிப் பாத்துக்க."

"அந்த அஞ்சையும் என் விரிப்புல விட்டுட்டுப் போறியே, அதைத்தான் எண்ணிட்டு இருக்கேன்."

"உன் பெட்டிக்கு ஆவி எங்கேருந்து வருதுன்னு நினைச்சே, மானத்துலேருந்தா? நான் அங்க வேகுறேன். நீ இங்க ஒய்யாரமா தேய்க்கிறே."

"வேகுறவன் வெந்துட்டு அங்கேயே கிடக்கணும். இங்க என்ன வேலை?"

அன்று மாலை அவள் பெட்டிக்கு மட்டும் ஆவி குறைந்துபோனது. மறுநாள் அவனுடைய தேநீர்க் குவளை ப்ளீச் தொட்டிக்குள் கிடந்தது. அதற்கடுத்த நாள் அவள் நாற்காலியில் கிரீஸ். கூடத்தில் இருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டும்போது இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் என்பதால், துவைக்கிறவர்கள்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு வாரம் அவன் விடுப்பில் போனான். அந்த வாரம் ஆவி ஒழுங்காக வந்தது, விரிப்புகள் வெள்ளையாகவே இருந்தன. அவளுக்கு மட்டும் வேலையில் எதுவோ உப்புச் சப்பில்லாமல் போனது.

"என்னடி, அலசாத துணி மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே?" என்றாள் பேக்கிங் அக்கா. "திட்டுறதுக்கு ஆள் இல்லைன்னா?"

"அந்த அழுக்கு மூட்டையா? போங்கக்கா."

"போறேன், போறேன். நீ எப்பப் போகப் போறேன்னுதான் பாக்குறேன்."

திரும்பி வந்த கரடி நேராக அவள் மேசைக்கு முன் வந்து நின்றான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான், விரிப்பின்மேல் படாமல்.

"ஞாயித்துக்கிழமை தேநீர் குடிக்க வர்றியா?"

"எதுக்கு?"

"இங்க திட்டுறதுக்கு நேரம் பத்தலை. அங்க உக்காந்து நிதானமா திட்டலாம்."

பேக்கிங் அக்கா உறைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள். இவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "எத்தனை மணிக்கு?" என்று வந்துவிட்டது.

தேநீர்க் கடையில் அவன் உறிஞ்சிக் குடித்தான். பக்கத்து மேசையில் இருந்தவன் முறைத்தபோது, "என்ன, உனக்கும் ஒரு வாய் வேணுமா?" என்று கேட்டான். கடைக்காரரோடு சர்க்கரைக்காகச் சண்டை போட்டு, சண்டை முடிவதற்குள் அவரோடு தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். பழைய முதலாளி ஒருவர் நடப்பதைப்போல் அவன் நடந்து காட்டியபோது அவளுக்குப் புரையேறித் தேநீர் மூக்கு வழியாக வந்தது. முன்னால் பழகிய மூவரோடும் அவள் புன்னகைத்திருக்கிறாள். சிரித்ததில்லை.

பிறகு எல்லா ஞாயிறும் போனார்கள். இந்த ஆளை விட்டுவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. இந்த ஆளோடு தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றும் தோன்றியது. இரண்டும் சேர்ந்தே தோன்றியதுதான் வம்பு. தெரிந்த முகம் தெரு முனையில் வந்தால் இரண்டடி தள்ளி நடப்பாள். அவன் கவனித்தான்.

அண்ணன்தான் ஒருநாள் "யாரு அது? வீட்டுக்குக் கூட்டிட்டு வா. எங்க வீட்டுல ஒளிச்சு வைக்கிற பழக்கம் கிடையாது" என்றான். அவள் கரடியிடம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். அன்றைக்கென்று பாய்லர் மக்கர் செய்தது. அதைச் சரிசெய்துவிட்டு, சொன்ன நேரம் தப்பக் கூடாது என்று ஓவராலோடு அப்படியே வந்துவிட்டான்.

வாசலில் அவனைப் பார்த்த அண்ணி, வாங்க என்று சொல்வதற்கு முன் உள்ளே போனாள். ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து வந்து சோபாவில் விரித்துவிட்டு, அப்புறம் "வாங்க, உக்காருங்க" என்றாள்.

கரடி அந்தத் தாளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"பழைய பேப்பரா இருக்கேங்க," என்றான் அவன். "இன்னைக்குப் பேப்பர்னா மேலே உக்காரக் கூச்சமா இருந்திருக்கும்."

அண்ணி சிரிக்கவில்லை. அண்ணன், "பாய்லர் வேலை கஷ்டம்தான், இல்லையா தம்பி?" என்று பேச்சை மாற்றப் பார்த்தான்.

"கஷ்டம்லாம் இல்லைங்க. சூடுதான்."

"துவைக்கிற ஆலையிலேயே வேலை," என்றாள் அண்ணி, யாரையும் பார்க்காமல். "உடுப்பு மட்டும் துவைக்கக் கிடைக்கலை போல."

அதன் பிறகு அவன் அதிக நேரம் இருக்கவில்லை. அவள் வாசல்வரை கூடவே வந்தாள்.

"அண்ணி அப்படித்தான். மனசுல வச்சுக்காதே."

"பேப்பரைப் போட்டது உங்க அண்ணி," என்றான் கரடி. "எடுக்காதது யாரு?"

"நீ அந்தக் கோலத்துல வந்தா என்னதான் பண்றது? ஆலைத் தொட்டில போட்டா ஒரு மணி நேர வேலை. எத்தனை தடவை சொல்லிட்டேன், என்கிட்டே குடுன்னு!"

"இதை நான் யார் கையிலயும் குடுக்கிறதில்லை. வீட்டுல சோப்புத் தண்ணில அலசுவேன், அவ்வளவுதான்."

"ஏன், உருகிப் போயிடுமா?"

"உன்கிட்ட விளக்கம் சொல்ற மூடுல நான் இல்லை," என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டான்.

அவள் அதைச் சோம்பேறித்தனத்துக்கு முட்டுக் கொடுக்கும் பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டாள். அன்று முழுக்க ஒரே யோசனை. பேச்சு பிடித்திருக்கிறது, சிரிப்பு பிடித்திருக்கிறது, ஆள் பிடித்திருக்கிறான். மேலே இருக்கும் அந்த ஒன்றை மட்டும் வெளுத்துவிட்டால் போதும், அண்ணியின் வாயை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். தன் வாயையும்தான் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

சனிக்கிழமை அவன் ஓவராலைப் பாய்லர் அறை ஆணியில் மாட்டிவிட்டுப் போனபின், அவள் அதை எடுத்தாள். கழுத்துப் பக்கம் தைத்திருந்த குறிப்புத் துணியில் எழுத்து எப்போதோ அழிந்து போயிருந்தது. ப்ளீச்சில் ஊறவைத்தாள். தூரிகை போட்டுத் தையல் தையலாகத் தேய்த்தாள். மூன்று முறை தண்ணீர் மாற்றியபின் உள்ளிருந்து ஓர் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தபோது அவளுக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. கெட்டியாகக் கஞ்சி போட்டாள். காலர், தோள், மணிக்கட்டுப் பட்டி, கை. முதுகும் முன்பக்கமும் கடைசியில். கையில் விழுந்த மடிப்பில் விரலை வைத்தால் வெட்டிவிடும்போல் இருந்தது.

திங்கட்கிழமை அதைத் தாங்கியில் மாட்டி, கூடத்தின் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றாள். துவைக்கிறவர்கள், உலர்த்துகிறவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். உள்ளே வந்த கரடி அதைப் பார்த்ததும் நின்றான். கிட்டே வந்து முகர்ந்தான்.

"ப்ளீச்சா?"

"பின்னே, பன்னீர்லயா ஊறவைப்பாங்க?"

"கஞ்சியுமா?"

"போட்டிருக்கேன். நில்லுன்னா தனியா நிக்கும்."

அவன் அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்தான். "மாப்பிள்ளை, போட்டுக் காட்டுய்யா!" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டினார்கள். அவன் வாங்கி மாட்டிக்கொண்டான். தாடிகூட ஒழுங்காகிவிட்ட மாதிரி தெரிந்தது. "இப்பத்தான் மனுஷன்," என்றாள் அவள்.

மதியத்துக்கு முன் பாய்லர் அணைந்தது. அதை மீண்டும் பற்றவைத்துப் பார்க்கும்போது தீ சில சமயம் சின்னக் கதவு வழியாக ஒரு மூச்சு வெளியே தள்ளும். அந்த வேலையில் அது புதிதல்ல. அதற்கென்றுதான் அந்த உடுப்பையே தருவார்கள். அன்று தீ வெளியே தள்ளியபோது ஓவராலின் வலது கைத் துணி பற்றிக்கொண்டது. அவன் இடக்கையால் அடித்து அணைத்தான். அணைவதற்குள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் போய்விட்டது.

சாக்கைப் போர்த்தி அவனை வெளியே கூட்டிப்போனபோது அவள் மேசையருகே நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் அவன் அறைக்குப் போனாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னலில் காயும் ஒற்றைத் துண்டு. கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் எழவில்லை.

"என்ன, கட்டுத்துணி அழுக்கா இருக்குதான்னு பாக்க வந்தியா?"

"எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"அது தீப்பிடிக்காத துணி. ப்ளீச் பட்டா அந்தக் காப்பு போயிடும். கஞ்சி பட்டா தீக்குத் தீனி. அதனாலதான் யார் கையிலயும் குடுக்கிறதில்லை."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! வாயில என்ன அடைச்சுக்கிட்டு இருந்துச்சு?"

"உங்க வீட்டுப் பேப்பர் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு."

அடுத்து அவள் கேட்டது அவளையே பயமுறுத்தியது. "திங்கட்கிழமை கேட்டியே, ப்ளீச்சா, கஞ்சியான்னு. தெரிஞ்சேதான் போட்டுக்கிட்டியா?"

"தெரிஞ்சேதான்."

"பைத்தியமா உனக்கு?"

"எல்லாரும் நின்னாங்க. உன் மூஞ்சியைப் பாத்தேன். என்கூட வெளியே வந்து இத்தனை நாள்ல ஒரு தடவைகூட உன் மூஞ்சி அப்படி இருந்ததில்லை. சரி, ஒரு நாள்தானேன்னு போட்டேன்." அவன் கட்டைப் பார்த்தான். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீயும் என் ரகம் இல்லை. எதைச் சொன்னாலும் சிரிக்கிற பொம்பளைங்கதான் எனக்குப் பிடிக்கும். குத்தம் பாக்குறவளைக் கண்டா காத தூரம் ஓடுவேன். இருந்தாலும் வந்தேன். என் ரகத்தை விட்டுட்டு இந்தப் பக்கம் வந்தேன். நீ வரலை. நின்ன இடத்துலேயே நின்னுக்கிட்டு, என்னைத் தேய்ச்சு உன் ரகமா ஆக்கப் பாத்தே."

"நான் உனக்கு நல்லதுதான் நினைச்சேன்."

"எனக்கா? உனக்குப் பக்கத்துல நடக்கப் போறவனுக்கு. போ. கம்பெனில நானே துவைச்சேன், நானே கஞ்சி போட்டேன்னு சொல்லிட்டேன். உன் பேர் வராது. அதுக்குத்தானே வந்தே?"

"அதுக்கா வந்தேன்னு நினைக்கிறே?"

"கதவைச் சாத்திட்டுப் போ."

அவள் சாத்தவில்லை. விரியத் திறந்து போட்டுவிட்டு வந்தாள். படி இறங்கும்போது அவன் பின்னால் திட்டுவது கேட்டது.

மறுநாள் ஆலை மேலாளரின் அறையில் பாதுகாப்பு அதிகாரி கை கருகிய ஓவராலை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். "பாய்லர் ஆள் பாய்லர் உடுப்புக்குக் கஞ்சி போட்டிருக்கான். இவனை வேலையில வச்சிருந்தா நாளைக்கு ஆலையே பத்திக்கும்," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அது அவர் போட்ட கஞ்சி இல்லை சார். நான் போட்டது."

"அவனே ஒத்துக்கிட்டானே."

"அந்த மடிப்பைப் பாருங்க. இந்த ஆலையில வேற யாருக்காவது அப்படி விழுமா?"

மேலாளர் பார்த்தார். கருகியது போக மீதியிருந்த துணியில் கோடு நேராகவே நின்றது. இஸ்திரி மேசையிலிருந்து அவளை எடுத்துவிட்டார். அழுக்குத் துணி வந்து இறங்கும் பின்கொட்டகையில் போட்டார். மருத்துவமனைப் போர்வைகளைப் பிரித்து, இரத்தம் வேறு, மருந்துக் கறை வேறு, சாப்பாட்டுக் கறை வேறு என்று தள்ளுகிற வேலை. ஜன்னலோர மேசைக்கு அடுத்த வாரமே ஒரு புதுப் பெண் வந்துவிட்டாள். முதுகை முதலில் தேய்க்கிறாளாம். பேக்கிங் அக்கா வந்து சொன்னாள்.

வீட்டில் அண்ணி, "ஒரு அழுக்குப் பயலுக்காகப் போய் அழுக்குல விழுந்தியே" என்றாள். அண்ணன் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே, "செஞ்சதைச் செஞ்சேன்னு சொன்னா. அதுக்கு ஒரு முதுகெலும்பு வேணும்" என்றான். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு போன வேகத்தில் தண்ணீர்க் குவளை உருண்டது.

கரடி திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. அவள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு போர்வை பிரித்துக்கொண்டிருந்தபோது கொட்டகை வாசலில் வந்து நின்றான். புதுக் கம்பெனி ஓவரால், அதற்குள்ளேயே அதில் கிரீஸ். வலது கையில் புதுத் தோல் சிவந்து மினுங்கியது.

"யார் உன்னைச் சொல்லச் சொன்னது?"

"யார் உன்னைப் பொய் சொல்லச் சொன்னது?"

"மேசை போச்சே."

"போகட்டும். என் மேசை, நான் தொலைச்சேன். உனக்கென்ன?"

"எனக்கென்னவா? என்னாலதான் போச்சுன்னு ஊரே பேசுது. எவளோ ஒருத்தி எனக்காகத் தியாகம் பண்ணினாளாம். தாங்க முடியலை!"

"தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தப்பு பண்ணினவ சொல்லணும், சொன்னேன். நீ வேலையில இருக்கே. போய்ப் பாய்லரைப் பாரு."

அவன் போகவில்லை. மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தான். அதில் என்ன கறை இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். அவள் எழுப்பிவிடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அவன் தோளில் கிரீஸ் ஒரு பட்டையாக இழுத்திருந்தது. கண் அங்கேதான் போனது.

"பாக்குறே," என்றான் அவன்.

"பாக்குறேன். என்னால பாக்காம இருக்க முடியாது. அந்த மேசை போனா என்ன, வெளியே வந்தாலும் நான் இவதான். அழுக்கைக் கண்டா என் கை வரும். இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் ஏமாந்தேன்னு சொல்லாதே."

"வந்தா தட்டி விடுவேன்."

"தட்டு."

"அடிச்சுத்தான் தட்டுவேன். மெதுவால்லாம் கிடையாது."

"அடி. திருப்பி வாங்கிக்கத் தயாரா இருந்தா அடி."

முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த மூட்டையின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு இறுகியிருந்தது. அவன் இடக்கையை நீட்டி மறுமுனையைப் பிடித்தான். "அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் இழு, கண்ணு தெரியலையா?" என்று அவள் கத்தினாள். "தெரியுது, தெரியுது, கத்தாதே," என்று அவனும் கத்தினான்.